பூட்டிய வீடும் பக்கத்து வீடும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தின் நயத்தைப் பேசுவதும் இசையின் இனிமையைப் போற்றுவதும் நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு எங்களைப் பேச அழைத்த செயலாளர் அவர்கள், பொருளை நாங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று உரிமை தந்தார்கள். அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டு, கோடை விடுமுறையில் நாம் பூட்டிவிட்டுப் போகும் வீட்டைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். இது மேடைக்கு ஏற்ற பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். பூட்டிய வீடு ஒன்றினால் ஓர் இளம் உயிர் ஊசலாடியதை நாங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆதலால் இதனைச் சிறிய பொருளென்று எங்களால் எண்ண இயலவில்லை.

நாம் குடியிருக்கும் இந்நகரம் நீரிலிருந்து எழுந்த நகரம். கல்கத்தாவின் கிழக்கே ஒரு காலத்தில் உப்பு நீர் ஏரிகளும் சதுப்பும் பரந்து கிடந்தன. டாக்டர் பிதான் சந்திர ராய் முதலமைச்சராக இருந்தபோது, 1962ஆம் ஆண்டில், ஹூக்ளி ஆற்றின் வண்டலை நீரோடு கலந்து குழாய்களின் வழியே கொண்டுவந்து கொட்டி அச்சதுப்பைத் தூர்க்கும் பணி தொடங்கிற்று. யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று அப்பணியை ஏற்றது. அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் டோப்ரிவோயே டோஷ்கோவிச் நகரின் அமைப்பை வகுத்தார். அவ்வாண்டு ஜூலை முதல் நாளன்று பிதான் ராய் மறைந்தார். அவர் பெயரால் நகரம் பிதான்நகர் எனப்பட்டாலும், நம் நாவில் சால்ட் லேக் என்ற பழம்பெயரே நிலைத்துவிட்டது. தூர்க்கப்படாமல் கிழக்கே எஞ்சிய நீர்நிலங்கள் 2002ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றன. நிலம் மேடாயிற்றே தவிர, நீர் தன் பழைய இடத்தை மறந்துவிடவில்லை. நம் சுவர்களில் ஓதம் ஏறுவதும், உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்வதும் அதனால்தான். வங்காளிகள் இதனை 'நோனா' என்பார்கள்.

இத்தகைய மண்ணில்தான் நாம் வீடு கட்டிக்கொண்டோம். அல்லது வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். மத்திய அரசு அலுவலகங்களும், சாஹா அணுக்கரு இயற்பியல் நிலையம் போன்ற ஆய்வு நிலையங்களும், ஐந்தாம் செக்டாரின் கணினி நிறுவனங்களும் நம்மில் பலரை இங்கே கொண்டுவந்தன. லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூப் பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் சிலவும் பின்னாளில் இங்கே வந்து சேர்ந்தன. ஆயினும் மே மாதம் பிறந்தால் நம் உள்ளம் தெற்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை; ஊரிலே கோயில் திருவிழா; தங்கை மகளுக்குத் திருமணம்; தாத்தா பாட்டிக்குப் பேரப் பிள்ளைகளைக் காணும் ஆவல். வீட்டைப் பூட்டி, பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்து, திறவுகோலைப் பையில் போட்டுக்கொண்டு 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுகிறோம். ஓய்வு பெற்ற பெரியவர்களில் சிலர் சித்திரையில் பூட்டிய வீட்டைத் துர்க்கா பூஜைக்குச் சற்று முன்னர்தான் திறக்கிறார்கள்.

நாம் இல்லாத அந்த நாட்களில் இங்கே என்ன நிகழ்கிறது? சித்திரை வைகாசி மாலைகளில் 'கால் பைசாக்கி' என்னும் புயற்காற்று திடீரெனச் சுழன்று வந்து, மொட்டை மாடியில் கட்டாமல் கிடக்கும் பொருளையெல்லாம் தூக்கி எறிகிறது. ஜூன் இரண்டாம் வாரத்தில் பருவமழை தொடங்குகிறது. வெயில் காய்ந்தபோது பூட்டிய வீட்டை, மழை நனைத்த பிறகு வந்து திறக்கிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே இவ்வூரில் ஒரு வீட்டுக்கு மிகுந்த காவல் வேண்டிய காலம். 2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் இந்நகரைத் தாக்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஊரடங்கினால் வெளியூர்களில் அகப்பட்டுக்கொண்டவர்கள் பலர். கண்ணாடி உடைந்ததா, மரம் சாய்ந்ததா, மழை உள்ளே புகுந்ததா என்று கேட்டறியவும் வழியின்றி அவர்கள் பட்ட வேதனை கொஞ்சமன்று. பக்கத்து வீட்டில் மாற்றுத் திறவுகோல் வைத்திருந்தவர்கள் மட்டுமே அன்று ஓரளவு ஆறுதல் பெற்றார்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு நெடுந்தொலைவு போவது தமிழருக்குப் புதிதன்று. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் வாணிகத்தின் பொருட்டுச் சென்றபோது, பர்மாத் தேக்கினால் கட்டிய தம் பெரிய வீடுகளைக் காவலுக்கு ஒருவரை வைத்து விட்டுச் சென்றார்கள். திருமணமும் திருவிழாவும் வரும்போது அவ்வீடுகள் திறக்கப்பட்டன. ஓடு மாற்றவும் ஒட்டடை அடிக்கவும் ஆள் இருந்த வீடுகள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. கவனிப்பார் இல்லாத வீடுகளில் ஓர் ஓடு விலகிய இடத்தில் மழை இறங்கிற்று. மழை இறங்கிய இடத்தில் உத்திரம் உளுத்தது. உளுத்த வீட்டின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு விலைக்கு வந்தன.

வங்காளிகளுக்கும் இவ்வனுபவம் உண்டு. கல்கத்தாவின் வசதியுள்ள குடும்பத்தார் காற்று மாற்றத்தை நாடி, மதுபூர், கிரிடி, சிமுல்தலா, தேவகர் போன்ற மேற்கத்திய ஊர்களில் தோட்டத்தோடு கூடிய வீடுகள் கட்டினார்கள். விஞ்ஞான மேதை ஜகதீச சந்திர போஸ் 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் தம் இறுதி மூச்சை விட்டதும் கிரிடியில்தான். பூஜை விடுமுறையிலும் குளிர்காலத்திலும் அவ்வீடுகளில் மக்கள் நடமாட்டம் இருக்கும். வெப்பக் காற்று வீசும் கோடையில் அவை தோட்டக்காரர் ஒருவரின் பொறுப்பில் மூடிக் கிடக்கும். வருகை குறையக் குறைய வீடுகள் பாழடைந்தன; பல கைமாறிப் போயின. ஆண்டுக்கொரு முறை தலைகாட்டுவதால் மட்டும் ஒரு வீடு நிலைத்திருப்பதில்லை என்பதற்கு அவ்வூர்களே சான்று.

கடல் கடந்த நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் கூறுவோம். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் ஃபீனிக்ஸ் என்றொரு நகரம் இருக்கிறது. வடக்கே பனி பெய்யும் ஊர்களிலிருந்து முதியவர்கள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வருகிறார்கள். கோடை வருமுன் வீட்டைப் பூட்டித் திரும்பிவிடுகிறார்கள். அங்கே கோடை எத்தகையது தெரியுமா? 2023ஆம் ஆண்டில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த வறட்சியில் மரச் சாமான்கள் வெடிக்கும். கழிநீர்க் குழாயின் வளைவில் நிற்கும் நீர் வற்றிப்போய், நாற்றமும் பூச்சிகளும் மேலேறி வரும். ஆகவே அறைகளில் வாளி வாளியாக நீர் வைத்துவிட்டுச் செல்வாரும், கழிப்பறைப் பீங்கானின் நீர் வற்றாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடிச் செல்வாரும் உண்டு. பாலையில் வாழ்வோர் வீட்டுக்குள் நீரை வைத்துவிட்டுப் போகிறார்கள். சதுப்பில் வாழும் நாமோ நீரை வெளியேற்றிவிட்டுப் போக வேண்டியவர்கள். மண்ணின் இயல்பறிந்து வீட்டைப் பூட்டுவதே அறிவுடைமை.

இதனை நாங்கள் முன்னரே அறிந்திருந்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பட்டறிவினால் கற்ற பாடம் இது. சில ஆண்டுகளுக்கு முன், மே மாத நடுவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனோம். மின்விசையை நிறுத்தினோம், எரிவாயுவை மூடினோம், நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்தோம். திருடனுக்கு அஞ்சிச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தோம். மொட்டை மாடியை மட்டும் ஏறிப் பார்க்கவில்லை. ஜூலை முதல் வாரத்தில் திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டு வங்காளி அம்மையார் ஒரு பாத்திரத்தில் பூரியும் உருளைக்கிழங்குக் கறியும் கொண்டுவந்து, "பயணக் களைப்போடு அடுப்பு மூட்ட வேண்டாம்" என்று கூறித் தந்துவிட்டுப் போனார். அவர் முகம் வாடியிருந்தது. எங்கள் களைப்பில் அதன் காரணத்தை நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நகராட்சியின் சுகாதாரப் பணிப்பெண்கள் இருவர் வந்தார்கள். மூன்று முறை வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியதாகச் சொன்னார்கள். மாடிக்கு ஏறினோம். தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் காற்று எங்கோ தூக்கி எறிந்திருந்தது. துளசித் தொட்டியின் கீழிருந்த தட்டிலும், வண்ணம் பூசியவர்கள் விட்டுப்போன டப்பாவிலும் மழைநீர் நின்றது. அப்பெண் கைவிளக்கை அடித்துக் காட்டினாள். நம் ஊரில் கூத்தாடி என்று சொல்லும் கொசுப்புழுக்கள் அந்நீரில் நெளிந்துகொண்டிருந்தன. அவள் அதைக் கவிழ்த்துக்கொண்டே, பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை டெங்குக் காய்ச்சலோடு ஆறு நாட்களாக மருத்துவமனையில் இருப்பதைச் சொன்னாள். எங்கள் பிள்ளைகளோடு எட்டுக்கோடு ஆடி வளர்ந்த சிறுமி அவள். இரத்தத்தின் தட்டணுக்கள் குறைந்து இரண்டு இரவுகள் அவள் நிலை கவலைக்கிடமாயிருந்தது. இறைவன் அருளால் பிழைத்து வீடு வந்தாள்.

அக்கொசு எங்கள் மாடியில் பிறந்ததுதானா என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. அந்த அம்மையார் இன்றுவரை எங்களை ஒரு சொல்லும் சொன்னதில்லை. மகளை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்த அன்று, எங்கள் பசியை எண்ணி அவர் பூரி பொரித்தார். நாங்களோ இரண்டு மாதங்கள் அவர் வீட்டை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த எண்ணமே எங்களை இம்மேடைக்குக் கொண்டுவந்தது.

இனி, கொசுவின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வோம். மலேரியா கொசுவினால் பரவும் முறையை ரொனால்டு ராஸ் 1898ஆம் ஆண்டில் பறவைகளைக் கொண்டு மெய்ப்பித்தது இதே கல்கத்தாவில்தான். டெங்குவின் கொடிய வகையான இரத்தக்கசிவுக் காய்ச்சல் 1963ஆம் ஆண்டிலேயே இங்கே பரவிப் பல உயிர்களைக் கொண்டது. அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தொட்டி, தட்டு, டப்பா ஆகியவற்றில் நிற்கும் நீரையே விரும்புகிறது. பகலில் கடிக்கிறது. நீர் மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் பக்கங்களில் முட்டையிடுகிறது. அம்முட்டை நீரின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும். மழை பெய்து நீர் தொட்டவுடன் பொரியும். வெப்பமான காலத்தில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். அது நெடுந்தொலைவு பறப்பதும் இல்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிகிறது. அப்படியானால் பூட்டிய வீட்டில் பிறந்த கொசு யாரைக் கடிக்கும்? வீட்டுக்காரர் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ நலமாக இருப்பார். பக்கத்து வீட்டுக் குழந்தையைத்தான் கடிக்கும்.

ஆகவே புறப்படும் முன் செய்யத்தக்கவற்றை முறையாகச் சொல்லுகிறோம். முதலில் மொட்டை மாடி. பூந்தொட்டித் தட்டுகளையும் வாளிகளையும் நீர் வடித்துவிட்டால் மட்டும் போதாது. பக்கங்களை நாரினால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை அப்போதுதான் போகும். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மடித்த தார்ப்பாய் எதுவும் மாடியில் இருக்கலாகாது. தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கம்பியால் இறுகக் கட்ட வேண்டும். நிலத்தடித் தொட்டியின் மூடியும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் இலை அடைத்தால் மாடியே குளமாகிக் கூரை கசியும். அதையும் துப்புரவு செய்ய வேண்டும்.

அடுத்து வீட்டின் உட்புறம். கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டியைக் காலிசெய்து, பீங்கானின் மூடியைக் கவிழ்த்து விடுங்கள். குளியலறை நீர்ப்போக்கியின் சல்லடையில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மூடிவைத்தால், வளைவிலுள்ள நீர் எளிதில் வற்றாது. அதில் கொசுப்புழுவும் மூச்சுவிட இயலாது. குளிர்பதனப் பெட்டியை நிறுத்தி, பனி உருகிய பின் துடைத்து, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். அதன் பின்புறம் ஒரு தட்டு இருக்கிறது. அதில் நிற்கும் நீரை நம்மில் பலர் கண்டதே இல்லை. அரிசியையும் பருப்பையும் வண்டுக்கு வைக்காமல் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாம். பீரோவையும் புத்தக அலமாரியையும் ஓதம் ஏறும் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்தால் காற்று உலவும்; பட்டுப் புடவையில் பூஞ்சணம் படிவதும், புத்தகத்தில் இராமபாணப் பூச்சி புகுவதும் குறையும். வலையிட்ட மேல் சாளரங்களை மூடாமல் விடுவது நல்லது.

இத்தனையும் செய்தாலும் போதாது என்பதே எங்கள் பேச்சின் மையக் கருத்து. முட்டை ஏழு நாளில் கொசுவாகும் ஊரில், வீட்டை நாற்பது நாட்கள் எவரும் எட்டிப் பாராமல் விடலாகாது. வாரத்துக்கு ஒரு முறை ஒருவர் கதவைத் திறந்து மாடிக்கு ஏற வேண்டும். பூட்டு திருடனைத் தடுக்கும்; பூட்டினால் தொட்டி மூடியைத் திரும்ப எடுத்துவைக்க முடியாது. அதற்கு ஒரு மனிதர் வேண்டும். அவர் கையில் திறவுகோல் வேண்டும்.

யாரிடம் கொடுப்பது? நம்மவர்களிடம் கேட்டால், "வேறொரு பிளாக்கில் நம் தமிழர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்திருக்கிறோம்" என்பார்கள். கொடுத்தவர் நல்லவரே. ஆனால் நள்ளிரவில் சாளரம் அடித்துக்கொள்ளும் ஓசை அவர் காதுக்கு எட்டுமா? எட்டுவது பக்கத்து வீட்டாரின் காதுக்கு. அவர் மொழி வேறாயிருக்கலாம், உணவு வேறாயிருக்கலாம். ஆயினும் நம் மாடியின் நீர் முதலில் பாதிப்பது அவரைத்தான். நம் மாடிமீது அவருக்கு ஓர் உரிமையே உண்டு என்று நாங்கள் கருதுகிறோம். "பொருள் போய்விட்டால்?" என்று அஞ்சுவோர் உளர். விலையுயர்ந்தவற்றை வங்கியில் வைத்த பின், எஞ்சியிருக்கும் பாத்திரங்களுக்காக நாம் அஞ்ச வேண்டியதில்லை. உள்ளறைகளைத் தனியே பூட்டிக்கொண்டு, மாடிக்கும் குளியலறைக்கும் செல்லும் வழியை மட்டும் திறந்து வைக்கவும் செய்யலாம்.

முதுமையினால் மாடி ஏற இயலாத அண்டை வீட்டாரும் இருப்பார்கள். அப்போது நம் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியை நாடலாம். கேனிங் ரயில் பாதையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வருபவர்கள் அவர்களில் பலர். நாம் ஊருக்குப் போகும் மாதங்களில் அவர்களுடைய சம்பளத்தை நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நாம் விடுமுறை கொண்டாடுவதற்காக அவர்கள் வீட்டு அடுப்பு அணைவது அழகன்று. முழுச் சம்பளத்தையும் கொடுத்து, வாரம் ஒருமுறை வீட்டைப் பார்த்துவரும் பொறுப்பையும் கொடுத்தால், இரு வீடுகளுக்கும் நன்மை.

இவ்வுதவி ஒருவழிப் பாதையாக இருக்கலாகாது. பூஜை விடுமுறையில் வங்காளிக் குடும்பங்கள் பூரிக்கும் டார்ஜிலிங்குக்கும் புறப்படுகின்றன. டெங்கு மிகுந்திருக்கும் காலமும் அதுவே. அப்போது இங்கே இருப்பவர்கள் நாம். அவர்கள் கேட்குமுன், "உங்கள் திறவுகோலைக் கொடுத்துவிட்டுப் போங்கள்; மாடியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நாம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் இதனைச் சொன்னபோது அவர் கண்கள் கலங்கின. அன்று முதல் மேயில் எங்கள் திறவுகோல் அவர் வீட்டிலும், பூஜையில் அவர் திறவுகோல் எங்கள் வீட்டிலும் இருந்து வருகின்றன. காய்ச்சலிலிருந்து பிழைத்த அச்சிறுமி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கோடையில் ஞாயிறுதோறும் எங்கள் மாடியில் ஏறித் தொட்டி மூடியை அசைத்துப் பார்ப்பவள் அவளே.

சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போவோரின் நாளையும், திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள ஏப்ரல் மாதத்தில் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். ஊருக்குப் போகாத இளைஞர்கள் வாரம் ஒருமுறை அக்குறிப்பேட்டைப் புரட்டி, பார்ப்பாரற்ற வீடு உண்டா என்று விசாரிக்கட்டும். இதற்குப் பணம் வேண்டுவதில்லை, மனமே வேண்டும்.

நண்பர்களே, நாம் இம்மண்ணுக்கு வந்தேறியவர்கள். பாதி உள்ளத்தைக் காவிரிக்கரையிலும் பொருநைக்கரையிலும் வைத்துவிட்டு வாழ்கிறோம், அதில் குற்றமில்லை. ஆனால் நாம் அங்கே இருக்கும் நாட்களிலும் நம் வீடு இங்கே நிற்கிறது. அதன் சுவரையொட்டி மற்றொரு குடும்பம் உறங்குகிறது. அடுத்த கோடையில் ஹௌராவில் சென்னை மெயிலில் ஏறி அமர்ந்ததும் உங்கள் பையைத் தொட்டுப் பாருங்கள். அதில் ஒரு திறவுகோல் இருக்கட்டும். மற்றொன்று பக்கத்து வீட்டு ஆணியில் தொங்கட்டும்.